பூட்டன் கல்யாணம் எந்த ஏட்டில் இருக்கிறது?

சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராகவே காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். அப்பா வழி மெஞ்ஞானபுரத்துப் பக்கம்; சீர்திருத்த சபையார். அம்மா வழி தூத்துக்குடிக் கடற்கரை, கத்தோலிக்கர். இரண்டு கோயில் ரிஜிஸ்தர்களையும் புரட்டிப் பழகியவன் என்பது ஊரில் பரவிவிட்டதால், சொந்தக்காரர்கள் வருகிறார்கள், பிறகு அவர்களுடைய சொந்தக்காரர்களும் வருகிறார்கள். பூட்டனும் பூட்டியும் எந்த வருஷம், எந்தக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஒவ்வொருவருக்கும் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பெயரோடு வருகிறார்கள். "பூட்டனார் பெயர் ஞானமுத்து, அதை வைத்துத் தேடிக் கொடுங்கள்" என்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் 19ஆம் நூற்றாண்டில் ஞானமுத்துவும் வேதமாணிக்கமும் தேவசகாயமும் தெருவுக்கு இரண்டு பேர். குடும்பப் பெயர் என்ற வழக்கமும் கிடையாது. அப்பா பெயர்தான் அடையாளம். பெயர் கடைசியில் சரிபார்க்கத்தான் உதவும். தேடத் தொடங்க வேண்டியது ஊரை வைத்து. எந்தக் கிராமம், அந்தக் கிராமம் அப்போது எந்தச் சேகரத்தில் (சீர்திருத்த சபையில் ஒரு தாய்க்கோயிலுக்குக் கீழே வரும் ஊர்களின் தொகுதி) அல்லது எந்தப் பங்கில் (கத்தோலிக்கரிடம் அதற்கு இணையானது) இருந்தது, எந்தச் சபை, ஏறக்குறைய எந்த வருஷம் என்ற நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்றைய சேகர எல்லையை நம்பிப் போகாதீர்கள். இன்று தனிச் சேகரமாக இருக்கிற ஊர் அன்று பத்து மைல் தள்ளியிருந்த தாய்க்கோயிலுக்குக் கீழே இருந்திருக்கும். முதலூர், மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி, சாயர்புரம், பண்ணைவிளை, டோனாவூர் போன்ற பழைய மையங்களில் ஒன்றில்தான் ஏடு இருக்கும். இவற்றுக்குள்ளும் ஒரு கோடு உண்டு. மெஞ்ஞானபுரமும் டோனாவூரும் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன், இடையன்குடியும் நாசரேத்தும் எஸ்.பி.ஜி. (சுவிசேஷப் பிரபல்ய சங்கம்) மிஷன்; இரண்டுமே இங்கிலாந்து சபையைச் சேர்ந்தவை. அடுத்தடுத்த ஊரானாலும் கணக்கு வேறு.

வருஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மூத்த பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவை முதலில் தேடுங்கள். அதிலிருந்து ஐந்து வருஷம் பின்னால் போய்ப் படியுங்கள். குடும்ப வேதப்புத்தகம் வீட்டில் இருந்தால் அதன் முன்தாளையும் பின்தாளையும் பாருங்கள். பலர் கல்யாணத் தேதியை அங்கேதான் எழுதிவைத்தார்கள்.

இனி முக்கியமான விஷயம். ஒரு கல்யாணம் ஒரே இடத்தில் மட்டும் எழுதப்படவில்லை. கோயில் ஏட்டைச் செல்லரித்துவிட்டது என்று கைவிரித்துத் திரும்புகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். பெண் ஊரிலும் மாப்பிள்ளை ஊரிலும் ஓலை வாசித்தார்கள், அதாவது கல்யாணத்தை முன்கூட்டியே கோயிலில் அறிவித்தார்கள். ஓலைக் கணக்கு என்று தனிப் புத்தகம் வைத்திருந்த கோயில்கள் உண்டு. கல்யாணம் நடந்த கோயிலில் கல்யாண ரிஜிஸ்தர். அதிலிருந்து மேலிடத்துக்குப் போன நகல். உறவுமுறைத் தடை இருந்தால் அதற்கான மனு. ஒன்று போனால் அடுத்ததைக் கேட்க வேண்டும். எது எங்கே போனது என்பதை முடிவு செய்தது சட்டம். ஆகவே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

நகல் போன வழி

1872ஆம் ஆண்டின் 15ஆம் சட்டம், அதாவது இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இன்றும் இங்கே நடப்பில் இருக்கிறது. 1852, 1865 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களுக்குப் பின் வந்தது இது. யார் கல்யாணத்தை நடத்தலாம், எப்படி எழுத வேண்டும், யாருக்கு நகல் அனுப்ப வேண்டும் என்று சபைவாரியாகப் பிரித்துச் சொல்கிறது.

இங்கிலாந்து சபைக் குருமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் ஏட்டின் நகலை, ஆயருக்கு அடுத்த நிலை அதிகாரியான ஆர்ச்டீக்கனின் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கத்தோலிக்கர் ஆயர் வகுத்த விதிப்படி எழுதி அனுப்ப வேண்டும். லண்டன் மிஷன், அமெரிக்கன் மிஷன், லுத்தரன், மெத்தடிஸ்ட் போதகர்கள் ஒரே பதிவை இரண்டு தடவை எழுத வேண்டும்: ஒன்று புத்தகத்தில், இன்னொன்று அதோடு அடிக்கட்டை போல ஒட்டியிருக்கும் சான்றிதழில். சான்றிதழைக் கிழித்து அரசின் திருமணப் பதிவாளருக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் தம் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டு மேலே அனுப்புவார். இந்த மிஷன்களில் கல்யாணம் செய்தவர்களுக்கு அரசு ஏட்டில் வாய்ப்பு அதிகம் என்பது இதனால்தான்.

சுதேசக் கிறிஸ்தவர்களின் கல்யாணத்துக்கென்று தனிப் பிரிவே உண்டு. உரிமம் பெற்ற ஒருவர், பெரும்பாலும் ஊர்ச் சபையில் போதிக்கும் உபதேசியார், இரண்டு சாட்சிகள் முன்னால் கல்யாணத்தை முடித்துச் சான்று கொடுக்கலாம். அவர் வைத்திருக்கும் ஏடு ஆங்கிலத்திலோ அந்த மாவட்டத்து மொழியிலோ இருக்கலாம் என்றது சட்டம். தமிழில் எழுதிய கல்யாண ஏடு கையில் கிடைத்தால், அது இந்த வகையா என்று பாருங்கள். இந்தப் பிரிவின்படி அன்று மாப்பிள்ளைக்கு 16 வயதும் பெண்ணுக்கு 13 வயதும் தாண்டியிருந்தால் போதும். அதனால்தானோ என்னவோ, பக்கம் பக்கமாக மாப்பிள்ளைகளுக்கு 17, பெண்களுக்கு 14. வயதுக் கட்டத்தை வைத்துப் பிறந்த வருஷத்தைக் கணக்கிட்டு வம்சாவளியில் ஏற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஞானஸ்நானப் பதிவு கிடைக்கும்வரை அந்தக் கட்டத்தைப் பென்சிலால் எழுதிவையுங்கள்.

79ஆம் பிரிவு உங்களுக்குப் பயன்படும். கல்யாண ஏட்டை வைத்திருப்பவர், அவர் குருவானவர் ஆனாலும் அரசுப் பதிவாளர் ஆனாலும், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, நியாயமான நேரத்தில் தேடிப் பார்க்க அனுமதிக்க வேண்டும், நகலும் தர வேண்டும் என்கிறது அது. 80ஆம் பிரிவு அந்த நகலைச் சாட்சியமாக ஏற்கச் சொல்கிறது. அரசு அலுவலகத்தில் மனு எழுதும்போது பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். தமிழ்நாட்டில் இது பதிவுத்துறையின் வேலை. "1880 வாக்கில்" என்று எழுதினால் மனு திரும்பி வரும். ஊர், சபை, மாப்பிள்ளை பெயர், அவர் தகப்பன் பெயர், பெண் பெயர், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை தேட வேண்டும் என்று தெளிவாக எழுதினால் உட்கார்ந்து தேட ஒருவருக்கு மனம் வரும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன்.

கோயிலில் மட்டும் சட்டப்பிரிவை எடுத்து நீட்டாதீர்கள். முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அசனப் பண்டிகை, கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கு முந்தைய தவசுக்காலம் எதுவும் வேண்டாம். நடு வாரத்தில் காலை பத்து மணிக்குப் போங்கள். குருவானவரை விட, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்குத்தான் எந்த அலமாரியில் எந்தக் கட்டு இருக்கிறது என்று தெரியும். எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டுகிறவர்களை நான் இரண்டாம் தடவை கூட்டிப் போவதில்லை. அந்தக் காலத்து மை இரும்புச் சத்துள்ளது, தாளையே அரித்திருக்கும், ஈரம் பட்டால் எழுத்து பொடிப்பொடியாக உதிரும். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். உங்கள் பதிவை மட்டும் எடுக்காமல் இரண்டு பக்கத்தையும் முழுதாக எடுங்கள், அட்டையையும் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்தால் மங்கிய எழுத்தும் தெரியும்.

கட்டங்களுக்குள் என்ன இருக்கிறது

அச்சிட்ட ரிஜிஸ்தரில் ஒரு வரிக்குள் இவ்வளவு இருக்கும்: வரிசை எண், தேதி, இருவர் பெயர், வயது, முன்பு மணமானவரா இல்லையா, தொழில், கல்யாணத்தின்போது குடியிருந்த ஊர், இருவரின் தகப்பன் பெயர், ஓலை வாசித்தா உரிமம் பெற்றா, இருவர் கையெழுத்து, சாட்சிகள், நடத்தி வைத்தவர்.

என் அப்பா வழிப் பூட்டன் பதிவில் தொழில் கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘ஏறுகிறவன்’ என்று ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. பனையேறி என்று பொருள். பூட்டிக்கு அந்தக் கட்டத்தில் வெறும் கோடு. ஆனால் கையெழுத்துக் கட்டத்துக்கு வந்தால், பூட்டன் ஒரு கீறல் போட்டிருக்கிறார். பக்கத்தில் ‘இது இன்னார் கீறல்’ என்று வேறொரு கை. அதற்குக் கீழே பூட்டி தன் பெயரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, எழுதியிருக்கிறாள். எழுதத் தெரிந்த பெண் என்றால் அந்தக் காலத்தில் அநேகமாக மிஷன் விடுதிப் பள்ளிக்குப் போயிருப்பாள். அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிறந்த ஊருக்குப் போனேன். குடியிருந்த ஊர் என்று ஏட்டில் இருந்தது பள்ளி இருந்த ஊர்.

சாட்சிகளைப் பலர் படிப்பதே இல்லை. முன்னும் பின்னும் பத்துப் பக்கம் புரட்டுங்கள். எல்லாக் கல்யாணத்துக்கும் அதே இரண்டு பெயர் வந்தால் அவர்கள் உபதேசியாரும் கோயில்பிள்ளையும், உறவு இல்லை. உங்கள் பதிவில் மட்டும் வருகிற மூன்றாம் பெயர் தாய்மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருக்கும். அந்தப் பெயரின் கல்யாணத்தைத் தேடினால் ஒரு தலைமுறை மேலே ஏறலாம்.

தமிழ் ஏடுகளில் கை பழகச் சில நாள் பிடிக்கும். புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே நிற்கும். ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருஷம். ௸ என்ற குறி ‘மேற்படி’. ஊர்ப் பெயருக்குக் கீழே வரிசையாக இந்தக் குறியே இருந்தால் மேலே ஏறிப்போய் முதல் ஊரைப் பாருங்கள், சில சமயம் இரண்டு பக்கம் ஏற வேண்டியிருக்கும். 1879ஐ ௧௮௭௯ என்றும் எழுதுவார்கள், ௲௮௱௭௰௯ என்றும் எழுதுவார்கள். வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷச் சுழற்சியை மறக்காதீர்கள்: தாது என்றால் 1876ஆம் ஆண்டுச் சித்திரையில் தொடங்கியதும் உண்டு, 1816இல் தொடங்கியதும் உண்டு. நம் பக்கத்தில் மலையாளத்தாரின் கொல்லம் ஆண்டும் வரும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824ஐக் கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825ஐக் கூட்டுங்கள். கொல்லம் 1052 தை என்றால் 1877.

ஆங்கிலத்தில் எழுதிய ஏடுகளில் சிக்கல் வேறு. வெள்ளைக்காரக் குரு காதில் விழுந்தபடி எழுதினார். பாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு முதலெழுத்து சாத்தியம். ழகரத்துக்கு ஆளுக்கொரு எழுத்து. பெயர் அட்டவணை இருந்தாலும் நம்பாதீர்கள். வரி வரியாகப் படியுங்கள்.

அம்மா வழி ஏடுகள்

கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்தை எழுதிவைப்பது ஆயர்களின் பொதுச்சங்கமான திரிதெந்து சங்கம் 1563இல் போட்ட கட்டளை. ஏடு லத்தீனில் இருக்கும். அச்சிட்ட கட்டம் இல்லாமல் நாலைந்து வரிப் பத்தியாக ஓடும். லத்தீன் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். எல்லாப் பதிவும் ஒரே வாசகம்; பெயரும் ஊரும்தான் மாறும். ‘ஃபிலியுஸ்’ என்றால் மகன், ‘ஃபிலியா’ மகள், ‘விதுவா’ கைம்பெண், ‘விதுவுஸ்’ மனைவியை இழந்தவர், ‘டெஸ்டெஸ்’ சாட்சிகள். தேதியில் ஏழு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘ப்ரிஸ்’ என்று ஒட்டியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. எட்டு அக்டோபர், ஒன்பது நவம்பர், பத்து டிசம்பர்.

பெயர்களும் லத்தீன் வேடம் போட்டிருக்கும். வீட்டில் இராயப்பன், ஏட்டில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சந்தியாகுவும் யாகப்பனும் யாக்கோபுஸ், சூசை யோசேஃபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். இது தெரியாமல் ‘சின்னப்பன் இல்லை’ என்று திரும்பிவந்தவர்கள் ஏராளம்.

கடற்கரைக்காரர்களுக்கும் உள்நாட்டுப் பழைய கத்தோலிக்க ஊர்க்காரர்களுக்கும் இன்னொரு எச்சரிக்கை. 1886 வரைக்கும், சில ஊர்களில் அதற்குப் பிறகும், போர்ச்சுகல் அரசரின் பதுருவாதோ உரிமையில் வந்த கோவாக் குருக்களும், ரோமாபுரி நேரடியாக அனுப்பிய குருக்களும் ஒரே ஊரில் தனித்தனியாகக் கோயில் நடத்தினார்கள். தாத்தா ஒரு கட்சி, அவர் தம்பி மறு கட்சி என்று இருந்த வீடுகள் உண்டு. ஒரு ஏட்டில் இல்லையென்றால் மறு கோயிலைக் கேளுங்கள். 1838இல் திரும்பி வந்த இயேசு சபையாரின் மதுரை மிஷன் ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன. பங்கின் எல்லையும் குருக்கள் பெயரும் அங்கே தெளிவாகும்.

இப்போது நான் மிகவும் விரும்புகிற தாளுக்கு வருகிறேன். நம்மவர்கள் அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுவார்கள். அன்றைய திருச்சபைச் சட்டத்தில் நான்காம் தலைமுறை வரையிலான இரத்த உறவு கல்யாணத்துக்குத் தடை. தடையை நீக்க மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதிக்கு மனு வேண்டும். மனுவில் இருவரும் எந்தப் பாட்டன் பாட்டியில் சேர்கிறார்கள் என்று கிளை கிளையாக வரைந்து காட்ட வேண்டும். கல்யாணப் பதிவில் ‘கொன்சங்குயினிடாஸ்’ என்ற சொல்லும் அதற்குப் பக்கத்தில் இரண்டாம் படி, மூன்றாம் படி என்று எண்ணும் கண்ணில் பட்டால் உட்காருங்கள், நடையைத் தொடராதீர்கள். இரண்டாம் படி என்றால் அத்தை, மாமன் மக்கள்: பாட்டன் ஒருவர்தான். மூன்றாம் படி என்றால் பூட்டன் ஒருவர். ‘இரண்டாம் படி முதலைத் தொட்டது’ என்றிருந்தால் அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டியது. அது அபூர்வம், அனுமதி எளிதில் கிடைக்காது. ‘அஃபினிடாஸ்’ என்றிருந்தால் இறந்த மனைவியின் தங்கையைக் கட்டியது போன்ற சம்பந்த வழித் தடை. பங்கில் இருப்பது இந்த ஒற்றைச் சொல்தான். மனு பிழைத்திருந்தால் ஆயர் இல்லத்தில் இருக்கும். அம்மா வழியில் இரண்டு தலைமுறையை எனக்குக் கொடுத்தது அப்படி ஒரு மனு. இங்கிலாந்து சபையின் உறவுமுறைப் பட்டியலில் அத்தை மகள் தடையே இல்லை. ஆகவே அப்பா வழியில் அத்தனை அத்தை மகள் கல்யாணம் நடந்தும் ஒரு துண்டுத் தாள் கிடையாது.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். தவசுக்காலத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் கல்யாணக் கொண்டாட்டம் இல்லை. தை மாதத்திலும், ஈஸ்டர் முடிந்து வைகாசியிலும் கூட்டம் கூட்டமாக இருக்கும். வருஷம் தெரியாதபோது அந்த மாதங்களை முதலில் படித்தால் கண் வலி குறையும்.

ஏட்டிலேயே இல்லாதபோது

தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, 1877, 1878 ஆண்டுகளில், திருநெல்வேலியில் ஊர் ஊராக மதம் மாறினார்கள். ஏற்கெனவே பழைய முறைப்படி கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்த தம்பதிகளுக்கு ஞானஸ்நானம்தான் கொடுத்தார்கள். அவர்களைக் கல்யாண ரிஜிஸ்தரில் தேடுவது வீண். பெரியவர்களின் ஞானஸ்நானக் கணக்கைப் பாருங்கள். புருஷனும் மனைவியும் அடுத்தடுத்த வரியில், பழைய பெயரும் புதுப் பெயருமாக நிற்பார்கள். ஒருவர் மாறி மற்றவர் சேர்ந்து வாழ மறுத்திருந்தால், 1866ஆம் ஆண்டின் மதம் மாறியோர் மணமுறிவுச் சட்டப்படி நீதிமன்றம் போயிருக்கவும் கூடும்.

புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு வேறு உலகம், சுகமான உலகம். 1776ஆம் ஆண்டு அரசாணைப்படி குடியேற்றங்களின் ஏடுகளுக்கு நகல் எடுத்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அவை இன்று ஏக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஏடுகளின் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பத்து வருஷத்துக்கு ஒரு பெயர் அட்டவணை உண்டு, அதிலிருந்து தொடங்குங்கள். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரை வைத்து அதற்கு முந்தைய ஏட்டில் தேடாதீர்கள்.

சென்னை மாகாணத்து இங்கிலாந்து சபை நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா அலுவலக ஆவணங்களில் ‘என் 2’ என்ற வரிசையில் உள்ளன. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் கல்யாணங்கள்தான் மிகுதி. தமிழ்ப் பெயர்கள் அங்கொன்றும் இங்கொன்றும். ஃபேமிலிசர்ச் தளத்தில் 1792 முதல் 1948 வரையிலான இந்தியத் திருமண அட்டவணை இலவசம். அதில் ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். மிஷனரிகளின் கடிதங்கள் வேண்டுமென்றால் சி.எம்.எஸ். காகிதங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், அமெரிக்க மதுரை, யாழ்ப்பாண மிஷன்களின் காகிதங்கள் ஹார்வர்டில்.

இவ்வளவு பார்த்தும் ஒரு தம்பதி தட்டுப்படவில்லை, ஆனால் 1850களுக்குப் பிறகு அவர்கள் பிள்ளைகள் மட்டும் திடீரென்று ஊர் ஏட்டில் நடமாடுகிறார்கள் என்றால், இலங்கையை நினையுங்கள். காப்பித் தோட்டங்களுக்குப் போன நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்காக 1854இலேயே சி.எம்.எஸ். தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கிவிட்டது. உபதேசியார்களும் இங்கிருந்தே போனார்கள். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் ‘கண்டி’ என்று ஒரு சொல் இருக்கிறதா என்று திரும்பவும் பாருங்கள். இருந்தால் அடுத்த கடிதத்தை இங்கே எந்தக் குருவானவருக்கும் எழுத வேண்டாம், அந்தப் பக்கத்துக் கோயிலுக்கு எழுதுங்கள்.